காலை ஏழே முக்கால் மெயில்

ஆபீஸில் அவளுக்குச் ‘சுருக்கம்’ என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள். பெயருக்குக் காரணம் இரண்டு. ஒன்று அவள் பார்த்த வேலை. இன்னொன்று அவள் பேசுகிற அழகு. “சாப்பிட்டாச்சா?” என்றால் “ஆச்சு” என்பாள். “லீவு எப்படிப் போச்சு?” என்றால் “போச்சு” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டுமென்றால் குறடு வைத்துத்தான் பிடுங்க வேண்டும். ஆறு வருடம் கூட வாழ்ந்த கணவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, “உன்கூடப் பேசுறதும் சுவத்துல ஒட்டின நோட்டீசைப் படிக்கிறதும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கும் அவள், “சாவியை வெச்சுட்டுப் போங்க” என்றாள், அவ்வளவுதான். அழுதது பிறகு. அதை யாரும் பார்க்கவில்லை.

அது நடந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது. இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஆபீஸ். படியேறும்போதே ரப்பர் வாடை கூடவே ஏறி வரும். மொத்தம் ஒன்பது பேர். மற்றவர்களின் சர்வர்களைக் கண்காணிப்பது அவர்களுடைய தொழில். யாரோ ஒரு கம்பெனியின் சர்வரில் டிஸ்க் நிறைந்தால் ஒரு எச்சரிக்கை போகும். வேகம் குறைந்தால் ஒன்று, சூடு ஏறினால் ஒன்று, மூச்சே நின்றுபோனால் சிவப்பில் ஒன்று. வாடிக்கையாளரின் மென்பொருள் வந்து இந்த எச்சரிக்கைகளை வாங்கிக்கொண்டு போக ஒரு வாசல் உண்டு. தொழிலில் அதை ஏபிஐ என்பார்கள். வாசலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கேபிள் பழுதானால் அதை நம்பியிருந்த நாற்பது சர்வரும் ஒரே நேரத்தில் கூப்பாடு போடும். நாற்பது எச்சரிக்கையையும் பார்க்கிறவனுக்கு எது நோய், எது புலம்பல் என்று தெரியாது.

அதனால் பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு காரியம் தொடங்கினாள். யாரும் சொல்லித் தொடங்கவில்லை. காலை ஆறு மணிக்கு வந்து ஆபீஸைத் திறப்பாள். முதல் நாள் எச்சரிக்கைகளை எல்லாம் படித்து, வாடிக்கையாளருக்கு ஒன்றாகச் சுருக்கி மெயில் எழுதுவாள். முப்பத்தொரு வாடிக்கையாளர், ஒன்றுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஏழே முக்காலுக்கு எல்லாவற்றையும் ஒரே தட்டில் அனுப்பிவிட்டு எழுந்து டீ போடுவாள். மற்றவர்கள் வர ஒன்பதரை ஆகும்.

“நேற்று ஐம்பத்திரண்டு எச்சரிக்கை. ஐம்பத்தொன்று ஒரே காரணம், அது சரியாகிவிட்டது. மிச்சம் ஒன்றை மட்டும் இன்று பாருங்கள்.” இப்படி இருக்கும். ஒன்றுமே ஆகாத நாளில், “நேற்று ஒன்றும் நடக்கவில்லை” என்று மட்டும் போகும். சில நாள், ஏதோ தோன்றி, கடைசியில் ஒரு வரி சேர்ப்பாள். “உங்கள் இரண்டாம் சர்வர் நேற்று முழுக்க வேலை செய்தது. இன்று அதைத் தொந்தரவு செய்யாதீர்கள்.” பேச்சில் வராத சிரிப்பு அவளுக்கு எழுத்தில் வந்தது. அது அவளுக்கே ஆச்சரியம்.

பதில் யாரும் போட மாட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் போடுவார். காய்கறி, பழம் எல்லாம் சேமித்து வைக்கிற ஒரு குளிர்பதனக் கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். அங்கே நாலாம் நம்பர் சர்வர் கிழடு. விசிறி சரியில்லாமல் வாரத்துக்கு மூன்று முறை சூடாகிவிடும். “குளிர்பதனக் கிடங்கிலேயே சூடாகிற ஒரே சாமான் உங்கள் நாலாம் நம்பர்தான்” என்று ஒருநாள் எழுதினாள். “கண்டித்துவிட்டேன், இனி ஒழுங்காக இருக்கும்” என்று பதில் வந்தது. அதன் பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை இப்படி ஒற்றை வரி வரும். மூன்று வருடத்துக்கு முன்னால் அதுவும் நின்றது. வேலை மாறிப் போயிருப்பார், அல்லது சலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மனிதர்கள் சலித்துப் போவது அவளுக்குப் புதிதில்லை. ஏன் என்று கேட்டு ஒரு வரி எழுதவில்லை.

இந்த வருடம் ஒருநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனை சார் என்பாள். மரியாதை அப்படியே சரிக்குச் சரியாகிவிடும்.

“அக்கா, நீங்க காலைல எழுதுறீங்கல்ல, அந்த சம்மரி. அதை ஏபிஐக்குள்ளயே கொண்டுவரணும். அவங்கவங்களுக்கு வேணுங்கிற மாதிரி அவங்களே மாத்திக்கணும். எந்த சர்வர், எவ்வளவு அவசரமானது, எத்தனை வரி, எத்தனை மணிக்கு, யாருக்கு எல்லாமே அவங்க கையில. மூணு பேர் கேட்டுட்டாங்க.”

“சரி சார்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“ஆறு வாரம்.”

அவன் கொஞ்சம் நெளிந்தான். “அப்புறம் நீங்க காலைல அவ்வளவு சீக்கிரம் வர வேண்டியதில்ல. உங்களுக்கும் ஓய்வு.”

“சரி சார்.”

“இன்னொண்ணு. எழுதுறதுக்கு முன்னாடி முப்பத்தொரு பேருக்கும் போன் போட்டு, என்ன வேணும்னு கேட்டுடுங்க. நாமளா யூகிக்க வேண்டாம்.”

இதற்குத்தான் அவள் முகம் மாறியது. பதினோரு வருடமாகத் தினம் எழுதுகிறாள். அவர்களில் ஒருவருடைய குரலைக்கூடக் கேட்டதில்லை. ஒரு தாளில், என்ன பேச வேண்டும் என்பதை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

முதல் போன் ஒரு லாரி கம்பெனிக்கு.

“காலை மெயிலா? அதுவா மேடம், அது தானா ஒரு ஃபோல்டருக்குப் போயிடும். அந்த ஃபோல்டரைத் திறக்கிறதில்ல.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே. ஆனா நிறுத்திடாதீங்க, ஆடிட்டுக்குக் காட்டணும்.”

இரண்டாவது ஒரு ஹோட்டல் முன்பதிவுக் கம்பெனி. “எங்களுக்கு நம்பர் மட்டும் போதும். அம்பத்திரெண்டுன்னா அம்பத்திரெண்டு. கதையெல்லாம் வேண்டாம்.” மூன்றாவது ஆள், “சிவப்பு இருந்தா மட்டும் சொல்லுங்க, இல்லைன்னா என்னை நிம்மதியா விடுங்க” என்றான். ஒருத்தி, தன் மெயிலையே தான் பார்ப்பதில்லை என்றும் தன் மெயிலைப் பார்க்கிற ஆள் போன மாதம் வேலையை விட்டுவிட்டான் என்றும் சொன்னாள்.

ஏழாவது போனில், பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிற இளைஞன் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். “அதை எழுதுறது ஆளா? சத்தியமா? நாங்க மெஷின்னு நினைச்சோம் மேடம். சில நாள் ஜோக் எல்லாம் வரும். யாரோ நல்லா ப்ரோக்ராம் பண்ணியிருக்காங்கன்னு பேசிக்குவோம்!”

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். அவள் “நன்றிங்க” என்று போனை வைத்தாள். பிறகு எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கையைக் கழுவினாள். திரும்பி வந்து எட்டாவது எண்ணைப் போட்டாள்.

நாலு நாளில் முப்பது பேர் முடிந்தது. இருபத்திரண்டு பேர் படிப்பதே இல்லை. ஐந்து பேர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறவர்கள். மூன்று பேர் படிக்கிறவர்கள்; ஆனால் அந்த மூவருக்கும் கடைசி வரி எதற்கு என்று புரியவில்லை. ஒன்றும் நடக்காத நாளில் எதையும் அனுப்ப வேண்டாம் என்பதில் மட்டும் ஏகமனதாக இருந்தார்கள். “நடக்கலைங்கிறதை எதுக்கு மேடம் சொல்லணும்? நீங்க சொல்லலைன்னாலே நடக்கலைன்னுதானே அர்த்தம்?” நியாயமான கேள்விதான். அவளும் தாளில் குறித்துக்கொண்டாள்.

குளிர்பதனக் கிடங்கை அவள் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். பட்டியலில் அவர்களுக்கு இரண்டு முகவரி. ஒன்று ஆபீஸ் முகவரி. இன்னொன்று அந்தப் பழைய ஆளின் சொந்த மெயில். வீட்டிலிருந்தும் பார்த்துக்கொள்ள வசதியாக அவரே கொடுத்திருந்தார். பக்கத்தில் ஒரு வீட்டு போன் நம்பர். விதிப்படி ஆபீசுக்குத்தான் முதலில் போட வேண்டும். அவள் வீட்டு நம்பருக்குப் போட்டாள். தன்னை ஆள் என்று தெரிந்து வைத்திருக்கிற ஒருவரிடமாவது பேசிவிட வேண்டும் என்று இருந்தது.

எடுத்தது ஒரு வயதான குரல். அவள் அந்தப் பழைய ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

“அவன் இல்லையேம்மா.”

“எப்ப வருவார்ங்கய்யா?”

“அவன் போயி மூணு வருஷம் ஆகப் போகுது. ரோட்டுல அடிபட்டு. நான் அவன் அப்பா பேசுறேன். நீங்க யாரு?”

தாளில் இதற்கு எழுதி வைத்த வாக்கியம் எதுவும் இல்லை. கம்பெனி பெயரைச் சொன்னாள். தினம் காலையில் மெயில் அனுப்புவது தான்தான் என்றும் சொன்னாள்.

“ஏழே முக்கால்!” குரல் சட்டென்று நிமிர்ந்தது. “நீங்கதானா அந்த ஏழே முக்கால்? பொம்பளைப் பிள்ளைன்னு எனக்குத் தோணவே இல்ல. தினம் படிக்கிறேம்மா நான்.”

“நீங்களா?”

“அவன் கம்ப்யூட்டர் இன்னும் அவன் ரூம்ல ஓடிக்கிட்டுதான் இருக்கு. அணைச்சா மறுபடி திறக்க பாஸ்வேர்டு தெரியாது. அதனால அணைக்கிறதே இல்ல. இன்வர்ட்டர் இருக்கு, கரண்டு போனாலும் நிக்காது. மத்த மெயிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா நின்னு போச்சு. உங்களோடது மட்டும் டாண்ணு வரும்.”

அவர் நாற்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் கடைசல் மெஷின் ஓட்டியவர். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று அவன் இருக்கும்வரை அவருக்குப் புரிந்ததில்லை. கேட்டால், “உங்களுக்குச் சொன்னா புரியாதுப்பா” என்பான். அவரும் விட்டுவிட்டார். “இப்ப புரியுதும்மா. உங்க கடுதாசியைப் படிச்சுப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். டிஸ்க் நிறைஞ்சா என்ன ஆகும், நெட்வொர்க் அறுந்தா யார் யார் கத்துவாங்க, எல்லாம் தெரியும். மெஷின் சூடாகிறதுன்னா எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அந்த நாலாம் நம்பருக்கு பேரிங் போயிருக்கு. விசிறியை மாத்தினா போதும். ஏன் மாத்த மாட்டேங்கிறாங்க?”

அவள் சிரித்துவிட்டாள். போனில் சிரித்தது அந்த நாலு நாளில் அதுதான் முதல் தடவை. பேச்சு இருபது நிமிடம் போனது. அவன் அனுப்பிய ஒற்றை வரிப் பதில்களையும் அவர் தேடிப் படித்திருந்தார். “என்கிட்ட அவன் இப்படியெல்லாம் கேலி பேசினதில்ல” என்றார். எந்த நாள் மெயில் பிடிக்கும் என்று கேட்டாள். “ஒன்றும் நடக்கவில்லைன்னு எழுதுவீங்களே, அதுதான். அதைப் படிச்சுட்டா மனசு லேசாயிடும்.”

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு கம்பெனியின் உள் விவரம் மூன்று வருடமாக அந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எந்த சர்வர் எப்போது படுத்தது, எங்கே ஓட்டை என்று எல்லாமே. பெரியவர் யாருக்கும் சொல்லப் போவதில்லை. ஆனாலும் அது தப்பு. யார் செய்திருந்தாலும் அவளே முதல் ஆளாக அதைத் தப்பு என்பாள்.

பதினோரு வருடத்தில் அவள் எழுதியதை வரி விடாமல் படித்தவர் ஒரே ஒருவர். அவரை நீக்க வேண்டியவளும் அவள்தான். அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் மேனேஜரிடம் சொன்னாள்.

“மூணு வருஷமா வெளி ஆளுக்கா?” அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். “உடனே எடுத்துடுங்க அக்கா. கிடங்குக்கு நான் எழுதி மன்னிப்புக் கேட்டுடுறேன். இதை யாரு கண்டுபிடிச்சது?”

“நான்தான் சார். எழுதினதும் நான்தான்.”

அன்று மாலையே முகவரியை எடுத்தாள். மறுநாள் காலை வழக்கம்போல ஆறு மணிக்கு வந்து எழுதினாள். ஏழே முக்காலுக்கு அவர் அந்த அறையில் வந்து உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். ஏழு நாற்பதுக்குப் போன் போட்டாள்.

“ஐயா, நான்தான். இனிமே உங்களுக்கு மெயில் வராதுங்கய்யா. கம்பெனி விவரம் வெளி ஆளுக்குப் போகக் கூடாது. நான் அப்பவே கவனிச்சிருக்கணும்.”

“நாளைலேர்ந்தா?”

“இன்னைலேர்ந்தே.”

பின்னால் எங்கோ குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் கேட்டது. “சரிம்மா. சட்டம்னா சட்டம்தான். எங்க ஃபேக்டரியிலயும் வரைபடத்தை வெளிய கொண்டுபோனா சீட்டைக் கிழிச்சுடுவாங்க.” பிறகு கொஞ்சம் தயங்கி, “இது ஒண்ணை மட்டும் சொல்லுங்க. நாலாம் நம்பர் நேத்து எப்படி இருந்துச்சு?” என்றார்.

விவரம் அவள் முன்னால் திரையிலேயே இருந்தது. “அதையும் சொல்லக் கூடாதுங்கய்யா.”

“ஆமா, ஆமா. கேட்டது என் தப்பு.” குரலில் கோபம் இல்லை. “உன் பேரு என்னம்மா?”

சொன்னாள். அவர் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெயரை மற்றொருவர் வாயால் கேட்டு அவளுக்கு நாளாகியிருந்தது.

அடுத்த ஐந்து வாரமும் அவள் வேலையில் மூழ்கிவிட்டாள். ஒரே காரணத்தால் வந்த எச்சரிக்கைகளை ஒரு கட்டாகக் கட்டுவதுதான் இருப்பதிலேயே சிக்கல். கண்ணால் பார்த்தவுடன் அவளுக்குத் தெரிவதை மெஷினுக்கு விதியாக எழுத வேண்டும். எழுதியது சரிதானா என்று சோதிக்க, போன வருடம் முழுக்கத் தான் கையால் எழுதிய மெயில்களை எடுத்து மெஷின் எழுதியதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதல் வாரம் மெஷின் உளறியது. இரண்டாவது வாரம் தேறியது. நாலாவது வாரம், அவளே தவறவிட்டிருந்த ஒரு கோளாறை அது பிடித்தது. அவளுக்கு வருத்தமாக இல்லை. நல்ல வேலை நல்ல வேலைதான்.

பழைய மெயில்களைப் படித்தபோது மட்டும் சில இடங்களில் நின்றுவிட்டாள். அந்தக் கடைசி வரிகள். “மழை நாளில் உங்கள் சர்வர்கள் நன்றாக இருந்தன.” “பண்டிகை விடுமுறையிலும் ஏழாம் நம்பர் தனியாக விழித்திருந்தது.” ஒவ்வொன்றையும் எழுதிய நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் அவள் வேறு யாரிடமும் ஒன்றும் பேசியிருக்கவில்லை.

மேனேஜர் ஒருநாள் புதிய வசதியின் செட்டிங்ஸ் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் விரலை வைத்தான். “‘எச்சரிக்கை இல்லாத நாளிலும் அனுப்பு.’ இது எதுக்கு அக்கா? முப்பது பேரும் வேண்டாம்னுதானே சொன்னாங்க?”

“ஒருத்தர் கேட்டார்.”

“யாரு?”

“இப்ப அவர் பட்டியல்ல இல்ல சார்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். “சரி, இருக்கட்டும். அடைச்சு வெச்சுடுங்க. வேணுங்கிறவங்க திறந்துக்கட்டும்.”

ஆறாவது வாரம் புதிய வசதி வெளியே போனது. ஒரு கோளாறும் இல்லை. லாரி கம்பெனிக்காரன்கூட, “இப்ப நாலே வரி, பத்து மணிக்கு, சூப்பர் மேடம்” என்று எழுதினான். பழைய மெயில் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். அவளைப் பேசச் சொன்னார்கள். “எல்லாருக்கும் நன்றி” என்றாள். “பேச்சிலும் சுருக்கம்!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பெரியவர் போனிலேயே ஒருமுறை, “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாயேன்” என்று சொல்லியிருந்தார். இரண்டு ஞாயிறு சாக்குச் சொல்லித் தள்ளிவிட்டு மூன்றாவது ஞாயிறு போனாள். பஸ் கடைசி நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடை. தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஒரே மாதிரியான வீடுகளில் ஒன்று. நெட்டையாக, கொஞ்சம் கூன் விழுந்தவராக இருந்தார். டீ அவரே போட்டார். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

மகனின் அறையைக் காட்டினார். கட்டில், சுவரில் மாட்டிய ஹெல்மெட், மேஜையில் உறுமிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டர். போட்டோவில் இருந்தவன் முப்பத்தைந்தைத் தாண்டாதவன். தன் வயதுக்காரர் என்றே அவள் நினைத்திருந்தாள். “இவர் பதில் போடுறதை நிறுத்தினப்ப நான் ஏன்னு கேட்கலைங்கய்யா” என்றாள். அதைச் சொல்லத்தான் வந்தாள் போல.

“கேட்டிருந்தா யாரு பதில் சொல்லியிருப்பா? நான் அப்ப அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகல.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவருக்கு நாலாம் நம்பரைப் பற்றிக் கேட்க ஆசை, கேட்கக் கூடாது. அவளுக்கும் அதைத் தவிர அவரிடம் பேச விஷயம் இல்லை. டம்ளரை மேஜையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். வெளியே யாரோ சைக்கிள் பம்ப் அடித்தார்கள்.

“எழுத்துல நீ வேற மாதிரி இருப்பே” என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

“ஆமாங்கய்யா.”

“உனக்கு யாரு இருக்கா?”

“அக்கா இருக்கா. இதே ஊர்தான். ரெண்டு பஸ் மாறிப் போகணும்.”

“பேசிக்குவீங்களா?”

“ஏதாவது நடந்தா பேசுவோம்.”

“என்ன நடந்தா?”

அவள் யோசித்தாள். “கல்யாணம். ஆஸ்பத்திரி. அந்த மாதிரி.” சண்டை எதுவும் கிடையாது. அக்காவுக்கு வீடு நிறைய ஆள். இவளுக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. அப்படியே வருடங்கள் போய்விட்டன.

கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். “சர்வரைப் பத்தி வேண்டாம். வேற ஏதாவது எழுதேன், முடிஞ்சப்ப. அந்த மெயிலுக்கே எழுது. நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்.”

“எழுதுறேங்கய்யா” என்றாள். ஆனால் உட்கார்ந்தால் வரவில்லை. சர்வரைப் பற்றி என்றால் மூன்று நிமிடத்தில் வந்துவிடும். தன்னைப் பற்றி என்றால் முதல் வரியே நகர மறுத்தது. இரண்டு வாரம் கழித்து நாலு வரி எழுதி அனுப்பினாள். வீட்டுக்குக் கீழே சாலையைத் தோண்டிப் போட்டிருப்பதையும் தபால்காரர் அந்தப் பள்ளத்தைத் தாண்டுகிற விதத்தையும் எழுதினாள். ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. அனுப்புநர் இடத்தில் மகனின் பெயர். ஒரு நிமிடம் அவளுக்குப் பகீரென்றது. பிறகு, அந்த மெயில் அவனுடையது, வேறு பெயர் எப்படி வரும் என்று தேற்றிக்கொண்டு திறந்தாள். “படித்தேன். பள்ளத்தில் பார்த்து நட. முழங்கால் வலி” என்று இருந்தது. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டியிருப்பார். முழங்கால் வலி யாருக்கு என்று விளங்கவில்லை. அவருக்குத்தான் இருக்கும்.

அப்படித்தான் போனது. பத்து நாளைக்கு ஒன்று, சில சமயம் மூன்று வாரத்துக்கு ஒன்று. பெரிய சிநேகம் என்று சொல்ல முடியாது. மறுபடி போய்ப் பார்க்கவும் இல்லை.

காலைகள்தான் அவளைப் பாடாய்ப் படுத்தின. இனி ஒன்பதரைக்குப் போனால் போதும். ஆனாலும் உடம்பு ஐந்து மணிக்கே எழுந்துவிடும். குளித்து, ரொட்டி சுட்டுத் தின்று, பாத்திரம் கழுவி, துணி மடித்து நிமிர்ந்தால் மணி ஆறரை. ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். எதிர் வீட்டில் ஒரு பெண் பள்ளிக்குப் போகிற பிள்ளையைத் தினம் ஒரே வார்த்தையால் திட்டுவாள். அது முடிந்தால் தெரு அடங்கிவிடும். பிறகு ஏழே முக்கால் வரும், போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால், என்ன நினைத்தாளோ, அக்காவுக்குப் போன் போட்டாள். மூன்றாவது மணியில் அக்கா எடுத்தாள். பின்னால் குக்கர் சத்தம், யாரோ ஷூவைத் தேடுகிற சத்தம்.

“என்னடி? என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“உடம்புக்கு முடியலையா? ஆபீஸ்ல ஏதாவது?”

“இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்புறம் எதுக்குடி காலங்காத்தால போன் பண்ற? எனக்கு நெஞ்சே நின்னு போச்சு.”

சொல்ல நாலு வரியாவது எழுதி வைத்துக்கொண்டு போட்டிருக்கலாம். “சும்மா” என்றாள்.

“சும்மாவா?” அக்கா அந்தச் சொல்லை நம்பவில்லை. பிறகு யாரிடமோ, “ஷூ கட்டிலுக்கு அடியில இருக்கு பாரு” என்று கத்தினாள். “இருடி, அடுப்பை அணைச்சுட்டு வரேன். வெச்சுடாதே.”

அவள் வைக்கவில்லை. அக்கா போனை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் போலும். அந்த வீட்டின் இரைச்சல் முழுக்கக் காதில் கேட்டது. கதவு சாத்தியது. யாரோ சிரித்தார்கள். தண்ணீர் ஓடியது. அக்கா திரும்பி வர ஏழெட்டு நிமிடம் ஆனது. வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மருமகளைப் பற்றி ஆரம்பித்து, மூச்சு விடாமல் அரை மணி நேரம் பேசினாள். இவள் “ம்” கொட்டினாள். நடுவில் இரண்டு இடத்தில் மட்டும், “அப்படியா?” என்றாள்.

“சரி, உனக்கு நேரமாகல?” என்றாள் அக்கா கடைசியில்.

“ஒன்பதரைக்குத்தான்.”

“ஓ. எப்பலேர்ந்து?”

“ரெண்டு மாசமாச்சு.”

“சொல்லவே இல்ல?”

போனை வைத்த பிறகு வீடு முன்பைவிட நிசப்தமாக இருந்தது. அவள் எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள், கழுவிய தட்டுத்தான் என்பது பாதியில் தெரிந்தது. குடையை எடுத்துக்கொண்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.